விடுபட்ட ஆறில் ஒரு பங்கு

பிரபஞ்சத்தின் பேரமைப்பு என்று சொல்லி ஒரு படம் இருபது ஆண்டுகளாக எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. ஊதா நிறத்தில் ஒரு மாபெரும் வலை; இழைகள் வந்து கூடுமிடங்களில் மஞ்சள் முடிச்சுகள். பார்க்கிறவர்கள் நரம்பு மண்டலம் மாதிரி இருக்கிறதே என்று வியந்துபோவார்கள். ஜெர்மனியில் கார்ஷிங் என்ற இடத்தில், மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் கணிப்பொறியில் 1000 கோடிக்கும் அதிகமான துகள்களை ஓடவிட்டு 2005-ல் வெளியிட்ட படம். மிலேனியம் என்று பெயர். அது ஒளிப்படமல்ல, கணிப்பொறிப் பாவனை. பாவனையாக இருப்பதுகூட இங்கே பிரச்சினையில்லை. அந்த 1000 கோடித் துகள்களில் ஒன்றுகூட ஹைட்ரஜனைக் குறிக்கவில்லை, ஹீலியத்தைக் குறிக்கவில்லை. நாமும் நம் கண்ணுக்குத் தெரிகிற அத்தனையும் எதனால் ஆகியிருக்கிறோமோ அது அங்கே இல்லை. முழுக்க முழுக்கக் கரும்பொருள். நட்சத்திர மண்டலங்களைக் கணக்கு ஓடி முடிந்த பிற்பாடு, தனி விதிகளைக் கொண்டு அதன்மேல் ஒட்டவைத்தார்கள்.

ஆக, வாயுவே இல்லாத ஒரு பிரபஞ்சத்தைத்தான் நாம் பிரபஞ்சம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாயு எப்படி விடுபட்டது, விடுபட்டதே மறந்துபோகும் அளவுக்கு அந்தப் படம் எப்படி இறுகியது, பிறகு வாயு எந்த வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்பது கடந்த நாற்பதைம்பது ஆண்டு வானியலின் வரலாறு. அறிவு எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்று கவலைப்படுகிற நமக்கு இதில் கொஞ்சம் வேலையிருக்கிறது.

சொற்களை முதலில் பார்த்துவிடலாம். கரும்பொருள் என்ற பெயரே ஏமாற்றுகிறது. கறுப்பென்றால் ஒளியை விழுங்கவேண்டும். இது விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை, தடுப்பதுமில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி ஒளி அதனூடாகப் போய்விடும். ஈர்ப்பு ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பாஷை. (தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஓர் உபரித் தொல்லை. ஒரு மெய்யெழுத்து மாறினால் கருப்பொருள் ஆகிவிடும். தொல்காப்பியத்தின் கருப்பொருளோ, தெய்வம் நீங்கலாக, பார்க்கவும் தொடவும் கேட்கவும் கிடைக்கிற உலகம்: மரம், விலங்கு, புள், பறை, யாழ், உணவு.) கரும்பொருள் திரண்டு நிற்கும் கட்டிகளை ஆங்கிலத்தில் ஹாலோ என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் ஒளிவட்டம் என்று போட்டிருக்கும். ஒளியே இல்லாத ஒன்றுக்கு ஒளிவட்டம்! நான் திரள் என்றே எழுதுகிறேன்.

பிளாங்க் செயற்கைக்கோள் 2013-ல் தந்த கணக்குப்படி பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் சாதாரணப் பொருள் 4.9 சதவீதம், கரும்பொருள் 26.8 சதவீதம். மிச்சம் கரும் ஆற்றல், அது வேறு கதை. பொருள் என்று வருகிற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் சாதாரணப் பொருளின் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்று. பாரதியின் ஒரு கதைத் தலைப்பு உங்களுக்கு நினைவுக்கு வரலாம். எண் ஒத்துப்போவது தற்செயல். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் உருவகக் கட்டுரை எழுதப்போவதில்லை. நிச்சயமின்மைக் கோட்பாடும் கேயாஸும் நம் சிறுபத்திரிகைகளில் பட்ட பாடு போதும். 1996-ல் ஆலன் சோக்கல் என்ற இயற்பியலாளர் ஒரு போலிக் கட்டுரையை அமெரிக்கக் கோட்பாட்டு இதழ் ஒன்றில் அச்சேற்றிக் காட்டிய பிறகாவது நமக்குக் கொஞ்சம் கூச்சம் வந்திருக்கவேண்டும்.

கரும்பொருளின் ஆரம்பக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1933-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்திலுள்ள மண்டலங்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற எடை இவற்றைப் பிடித்து வைக்கப் போதாது என்றார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் விளிம்பிலிருக்கும் வாயு, நடுவை ஒட்டியிருப்பதற்குச் சற்றும் குறையாத வேகத்தில் சுற்றுவதை அளந்தார்கள். (பாலோமர் வானாய்வகத்தில் பெண்கள் அதிகாரபூர்வமாகத் தொலைநோக்கியைத் தொடவே 1960களின் நடுப்பகுதி வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அப்படி முதலில் நுழைந்தவர் ரூபின்.) இவை இன்றைய மண்டலங்களைப் பற்றிய செய்திகள். ஆதிப் பிரபஞ்சத்துக்குக் கரும்பொருளைக் கொண்டுபோனது வேறொரு நெருக்கடி.

பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை வாயு தனியாக இல்லை. எலெக்ட்ரான்கள் அணுவோடு சேராமல் அலைந்ததால் ஒளி அவற்றில் மோதி மோதி வாயுவைத் தன்னோடு கட்டிவைத்திருந்தது. ஈர்ப்பு உள்ளே இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும். திரளுவதற்கு வழியே கிடையாது. அணுக்கள் உருவாகி ஒளி விடுபட்ட நேரத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் பதிந்திருக்கவேண்டும். 1980களின் தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் எதுவும் தென்படவில்லை. பிறகு 1992-ல் கோபி செயற்கைக்கோள் அளந்து லட்சத்தில் ஒரு பங்கு என்றது. அன்றிலிருந்து இன்றுவரை ஈர்ப்பு ஓர் ஏற்றத்தாழ்வை ஏறத்தாழ ஆயிரம் மடங்குதான் பெருக்கமுடியும். லட்சத்தில் ஒன்றை ஆயிரத்தால் பெருக்கினால் நூறில் ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஒரு நட்சத்திர மண்டலத்தைக் கட்டமுடியாது. வாயு மட்டும் இருந்திருந்தால் நாம் இல்லை.

ஜிம் பீபிள்ஸ் 1982-ல் வழி சொன்னார். ஒளியோடு ஒட்டுறவே இல்லாத, மெதுவாக நகர்கிற கனத்த துகள்கள் பெருமளவில் இருந்தால், வாயு ஒளியிடம் மாட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அவை திரளத் தொடங்கியிருக்கும். விடுதலையான வாயு அந்தத் தயார்க் குழிகளில் போய் விழுந்திருக்கும். விழுந்த வாயு குளிர்ந்து நடுவில் அடர்ந்து நட்சத்திரமாகும் என்ற பகுதியை 1978-லேயே சைமன் வைட்டும் மார்ட்டின் ரீஸும் எழுதியிருந்தார்கள். இரண்டு கட்டக் கோட்பாடு என்று பெயர். முதல் கட்டம் இருட்டு, இரண்டாம் கட்டம் வெளிச்சம்.

1985-ல் டேவிஸ், எஃப்ஸ்டாத்தியூ, ஃப்ரெங்க், வைட் என்ற நால்வர் 32,768 துகள்களைக் கணிப்பொறியில் ஓடவிட்டு, இந்தக் கரும்பொருள் உலகம் வானத்திலுள்ள பெரிய வலையமைப்பை ஒத்திருக்கிறதென்று காட்டினார்கள். வாயுவை ஏன் சேர்க்கவில்லை என்று அன்று யாரும் கேட்டிருக்கமுடியாது. காரணம் நியாயமானது. கரும்பொருளுக்கு ஈர்ப்பு மட்டும் போதும். ஒரே விதி, திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போகலாம். வாயு அப்படியில்லை. அது சூடாகும், குளிரும், அழுத்தம் தரும், அதிர்ச்சியலையாகும், நட்சத்திரமாகும், அந்த நட்சத்திரம் வெடித்துச் சுற்றிலுமுள்ள வாயுவை ஊதித் தள்ளும். அன்றைய கணிப்பொறியால் இதையெல்லாம் தாங்கமுடியாது. அதுவுமல்லாமல் ஆறில் ஒரு பங்குதானே?

கணக்கின் வசதிக்காக விட்டது, பத்து பதினைந்து ஆண்டில் உலகத்தின் இயல்பாகிவிட்டது. 'கரும்பொருள்தான் சாரம், சாதாரணப் பொருள் அதன்மேல் தொற்றிக்கொண்டிருக்கிறது' என்ற வாக்கியம் எல்லா எளிய விளக்கங்களிலும் வந்து உட்கார்ந்தது. தமிழில் சாரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கட்டடத்துக்குச் சவுக்குக்கட்டையால் கட்டுவது ஒன்று, சாராம்சம் இன்னொன்று. இரண்டாவது பொருள் சத்தமில்லாமல் முதலாவதற்குள் நுழைந்துகொண்டது. சாரம் கட்டியாயிற்று, கொத்தனார் வந்து பூசவேண்டியதுதான் பாக்கி என்கிற தோரணை. பூசுகிறவன் கை பட்டுச் சாரம் வளையுமா என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

அடித்தளம், மேற்கட்டுமானம் என்று ஒரு தலைமுறையே இங்கே மல்லுக்கட்டியது நினைவிருக்கும். எங்கெல்ஸ் 1890-ல் ஜோசப் பிளாஹுக்கு எழுதிய கடிதத்தில், மேற்கட்டுமானமும் திருப்பி வினையாற்றும், பொருளாதாரம் மட்டுமே தீர்மானிக்கிறதென்று தாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை என்று விளக்கவேண்டி வந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பங்கு எதுவோ அதுவே தீர்மானிக்கும், சிறுபங்கு பின்னால் வரும் என்று எண்ணிக்கையிலிருந்து நேராகக் காரணத்துக்குத் தாவுகிற பழக்கம் எங்கெல்லாம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் சிறுபங்கின் வினை கரும்பொருள் கோட்பாட்டுக்கு முன்னாலேயே காகிதத்தில் இருந்தது. 1970-ல் பீபிள்ஸும் யூவும் அமெரிக்காவிலும், சுனியாயெவும் செல்டோவிச்சும் சோவியத் நாட்டிலும், ஒளியும் வாயுவும் பிணைந்திருந்த அந்த ஆதிக்குழம்பில் ஒலியலைகள் ஓடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொரு அடர்ந்த புள்ளியிலிருந்தும் குளத்தில் கல் விழுந்த மாதிரி ஓர் அலை கிளம்பும். ஒளி விடுபட்டதும் அது அப்படியே உறைந்துவிடும். உறைந்த இடத்தில் ஒரு வாயுக்கூடு. பிறகு அந்தக் கூட்டை நோக்கிக் கரும்பொருளும் நகரும். அதாவது கரும்பொருள் எங்கே கூடவேண்டும் என்பதில், கொஞ்சமே ஆனாலும், வாயுவின் பழைய அலைக்கு ஒரு சொல் உண்டு. இன்றைய அளவில் சுமார் 50 கோடி ஒளியாண்டு ஆரமுள்ள இந்தத் தடத்தை 2005-ல் இரண்டு குழுக்கள் மண்டலங்களின் பரவலில் கண்டுபிடித்தன. மிலேனியம் படம் வந்த அதே ஆண்டு. ஒரே ஆண்டில் வாயு இல்லாத படமும் வாயு போட்ட கையெழுத்தும்.

ஆனால் சண்டை மூண்டது பெரிய அளவுகளில் இல்லை, குட்டி மண்டலங்களில். பாவனைகளில் ஒவ்வொரு திரளிலும் நடுவை நோக்கிப் போகப்போகக் கரும்பொருளின் அடர்த்தி கூர்முனையாக ஏறிக்கொண்டே போயிற்று. இதற்கு நவாரோ, ஃப்ரெங்க், வைட் மூவரும் 1996, 1997 கட்டுரைகளில் ஒரு பொதுச் சூத்திரம் தந்தார்கள். அதற்கு முன்பே, 1994-ல், ஃப்ளோரெஸ், பிரைமாக் இருவரும் தனியாக பென் மூரும் குட்டி மண்டலங்களின் சுழற்சியைப் பார்த்து, அங்கே கூர்முனையெல்லாம் இல்லை, நடு தட்டையாகக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். குட்டி மண்டலங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவற்றில் சாதாரணப் பொருள் மிகக் குறைவு. வாயுவின் தொல்லையில்லாமல் கரும்பொருளைச் சுத்தமாகப் பார்க்கலாம் என்று நம்பிப் போன இடம் அது.

கரும்பொருள் திரளை வாயு மாற்றும் என்பதை 1986-லேயே புளூமெந்தால், ஃபேபர், ஃப்ளோரெஸ், பிரைமாக் நால்வரும் எழுதியிருந்தார்கள். ஆனால் அது எதிர்த்திசையில். வாயு குளிர்ந்து நடுவில் குவிந்தால், அதன் ஈர்ப்பு கரும்பொருளையும் உள்ளே இழுக்கும். திரள் மேலும் இறுகும். இது கூர்முனையை இன்னும் கூராக்குமே தவிர மழுக்காது. எனவே 1990களின் முடிவில் பலரும் கரும்பொருளின் மீதே கைவைக்கத் துணிந்தார்கள். கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, அதனால்தான் நடு மழுங்குகிறது என்று 2000-ல் ஸ்பெர்கெலும் ஸ்டைன்ஹார்ட்டும் முன்வைத்தார்கள். யாரும் பிடித்துப் பார்த்திராத துகளுக்குப் புதிய குணம் ஏற்றுவது அவ்வளவு கடினமாகத் தோன்றவில்லை. படத்திலிருந்து தாங்களே எடுத்துவிட்ட வாயுவைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் கடினமாக இருந்தது. இந்த இடம் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. பதில் பொருந்தாதபோது, விட்டது என்ன என்று கேட்பதற்கு முன்னால் இருப்பதன் சாராம்சத்தையே மாற்றிவிடத் தோன்றுகிறது.

வாயுவைப் போட்டுப் பார்த்தவர்களும் இல்லாமலில்லை. நவாரோ, எக், ஃப்ரெங்க் மூவரும் 1996-லேயே, நட்சத்திர வெடிப்புகள் நடுவிலிருக்கும் வாயுவைச் சட்டென்று ஊதித் தள்ளினால் கரும்பொருள் தளர்ந்து விரியும் என்றார்கள். ஒருமுறை ஊதினால் போதாது என்று 2002-ல் நெடினும் ஷாவோவும் கணக்குப் போட்டார்கள். 2005-ல் ரீடும் கில்மோரும் சொன்னது: ஒருமுறை இல்லையப்பா, பலமுறை. வாயு குவிகிறது, நட்சத்திரங்கள் பிறந்து வெடிக்கின்றன, வாயு சிதறுகிறது, மறுபடி குளிர்ந்து குவிகிறது, மறுபடி சிதறுகிறது. கயிற்றில் கட்டிக் கல்லைச் சுழற்றுகிறவன் சட்டென்று பிடியைத் தளர்த்தினால் கல் பெரிய வட்டத்துக்குப் போய்விடும். அது அங்கே போன பிறகு மறுபடி இறுக்கினாலும் பழைய வட்டத்துக்கு வந்து சேராது. நடுவிலுள்ள எடை திடீர் திடீரென்று மாறும்போது கரும்பொருள் துகள்களுக்கும் இதே கதி. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றல் வாங்கிக்கொண்டு வெளியே நகர்ந்துகொண்டே போகும். மஷ்செங்கோவின் குழு இது ஆதிப் பிரபஞ்சத்தின் குட்டி மண்டலங்களிலேயே நடந்து முடிந்திருக்கும் என்று 2006-ல் காட்டியது. 2010-ல் கவர்னாட்டோவின் குழு முழுப் பாவனையில் தட்டையான நடுவை வரவழைத்தது. 2012-ல் பாண்ட்சனும் கவர்னாட்டோவும் அதன் இயக்கமுறையைத் தெளிவாக எழுதினார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கனத்த ஒன்று சிறு சிறு எடைகளுக்கிடையே நகர்ந்தால், அவை அதன் பின்னால் கூடி இழுத்து வேகத்தைக் குறைக்கும். இழந்த ஆற்றல் சிறியவற்றுக்குப் போகும். இயக்க உராய்வு என்ற இந்தக் கணக்கு 1943-ல் சந்திரசேகர் நட்சத்திரங்களுக்காகப் போட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சந்திரசேகர்தான். அவர் எழுதியபோது அதில் கரும்பொருள் என்ற பேச்சே கிடையாது. 2001-ல் எல்-சந்த்தும் கூட்டாளிகளும் அதை எடுத்து, வாயுக்கட்டிகள் கரும்பொருளினூடே நடுவை நோக்கி அமிழும்போது கரும்பொருளைச் சூடாக்கி வெளியே தள்ளும் என்று பொருத்தினார்கள்.

இவையெல்லாம் நட்சத்திரம் பிறந்த பிறகு நடப்பவை. அதற்கும் முன்னால், முதல் திரள்களே உருவாகும் கட்டத்தில் வாயுவுக்கு ஒரு பங்கு இருந்தது தெரியவந்தது 2010-ல். கலிபோர்னியாவில் செலியாகோவிச், ஹிராட்டா இருவரும் சொன்னது இதுதான். ஒளி வாயுவை விட்டுப் பிரிந்த தறுவாயில் வாயு தன் ஒலியலையின் போக்கில் இருந்தது. கரும்பொருள் தன் குழிகளை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. இரண்டுக்குமிடையே வேக வித்தியாசம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒளியின் அழுத்தம் போனதும் வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டராகச் சரிந்துவிட்டது. ஆகவே கரும்பொருளைப் பொறுத்தவரை வாயு, ஒலியைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் வீசுகிற காற்று. சிறிய கரும்பொருள் கட்டியால் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்தமுடியாது, வாயு தாண்டிப் போய்விடும். வாயு தங்காத கட்டிக்குத் தன் ஆறில் ஒரு பங்கு எடை கிடைப்பதில்லை. அதனால் கட்டியே வளர்வது தாமதப்படுகிறது, பல வளராமலே போகின்றன. காற்று ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் சாந்தமாகவும் இருந்ததால் முதல் நட்சத்திரங்கள் பிறக்கவிருந்த கட்டிகளின் எண்ணிக்கையும் இடத்துக்கிடம் வேறுபட்டது. இதையே தொடர்ந்து 2014-ல் ஸ்மாதார் நாவோஸும் ரமேஷ் நாராயணும், தாண்டிப் போன வாயு தன் கரும்பொருள் கட்டிக்கு வெளியே தனியாகத் திரண்டு நிற்கலாம் என்றும், கோளக்கொத்துகள் சில அப்படிப் பிறந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

இது ஏன் அதுவரை தென்படவில்லை? புதிய அளவீடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வேகங்களும் எல்லோருடைய சமன்பாட்டிலும் இருந்தன. சிறியதைச் சிறியதால் பெருக்கினால் இன்னும் சிறியதுதானே என்று அந்த உறுப்பை எடுத்த எடுப்பிலேயே அடித்துவிடுவது வழக்கம். அடித்துவிட்ட உறுப்புக்குள்தான் இந்தக் காற்று இருந்தது.

வாயு வென்றுவிட்டது, கதை முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். அப்படியும் இல்லை. மிலேனியத்துக்குப் பிறகு வாயுவைச் சேர்த்த பெரிய பாவனைகள் வந்தன; 2014-ல் இல்லஸ்ட்ரிஸ், 2015-ல் ஈகிள். ஆனால் ஒரு நட்சத்திரம் பிறப்பதைப் பார்க்கும் நுணுக்கம் எந்தப் பிரபஞ்சப் பாவனைக்கும் இல்லை. வாயு எவ்வளவு அடர்ந்தால் நட்சத்திரம் பிறந்ததாக வைத்துக்கொள்வது என்று ஓர் எண்ணைக் கையால் போடுகிறார்கள். 2019-ல் பெனித்தெஸ்-யாம்பாய் குழு ஈகிள் நிரலில் இந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டியது. எண்ணைக் குறைவாக வைத்தால் கூர்முனை அப்படியே இருந்தது. உயர்த்தினால் நடு மழுங்கியது. வாயுவை விட்டதும் மனிதக் கைதான், திரும்பச் சேர்த்ததும் மனிதக் கைதான். எந்த ஓட்டையையும் அடைக்கிற களிமண்ணாக வாயு ஆகிவிட்டால், அதைச் சேர்த்துப் பயன் என்ன? கரும்பொருள் துகள் எதுவும் இன்றுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் உறுதியாகப் பிடிபடவில்லை. அதன் குணத்தை வானத்திலிருந்துதான் வாசிக்கவேண்டும் என்றால், நடு மழுங்கியதற்கு வாயு எவ்வளவு பொறுப்பு என்று தெரியாமல் துகளைப் பற்றி ஒரு வரி எழுதமுடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெடிப்புகள்தான் காரணமென்றால், நிறைய வெடித்த இடத்தில் நடு தளர்ந்தும், வெடிக்காத இடத்தில் கூர்மை மாறாமலும் இருக்கவேண்டும். 2014-ல் டி சிந்தியோவின் குழு இதை அளவாகவே சொன்னது: திரளின் எடையோடு ஒப்பிட நட்சத்திரங்கள் மிகக் குறைவானால் எதுவும் நகராது, ஓரளவு கூடினால் நன்றாகத் தளரும், மேலும் கூடினால் அவற்றின் எடையே திரும்ப இறுக்கிவிடும். கரும்பொருளே தன்னோடு மோதிக்கொள்கிறது என்றால் நட்சத்திரங்களின் வரலாற்றோடு இப்படியோர் ஒத்திசைவு வரவேண்டிய அவசியமில்லை.

பால்வீதியைச் சுற்றிவரும் குட்டி மண்டலங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். டிராகோவில் நட்சத்திரப் பிறப்பு சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. ஃபோர்னாக்ஸில் அது மிக அண்மைக்காலம் வரை, வானியலின் அண்மையில், விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது. ரீடும் வாக்கரும் ஸ்டீகரும் 2019-ல் இவற்றையும் சேர்த்து 16 குட்டி மண்டலங்களில் நடுப்பகுதியின் அடர்த்தியைக் கணித்தார்கள். சீக்கிரமே ஓய்ந்த டிராகோவின் நடு அடர்த்தியாக இருக்கிறது. நெடுங்காலம் வெடித்துக்கொண்டிருந்த ஃபோர்னாக்ஸின் நடு தளர்ந்து கிடக்கிறது. சில ஆயிரம் நட்சத்திரங்கள் மட்டுமே கொண்ட இன்னும் மங்கலான மண்டலங்களில் கூர்முனை தொடப்படாமல் இருக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவற்றில் வேகத்தை அளக்கும் அளவுக்குப் பிரகாசமான நட்சத்திரங்கள் சில டஜன் தேறினாலே பெரிது.